தேங்காய் உடைக்கும் முன்...

புதிய வேலை ஒன்றைத் தொடங்குவது என்றால், முதலில் நாள் பார்க்கிறார்கள். நல்ல நேரம் குறிக்கிறார்கள். மாலை வருகிறது. சூடம் எரிகிறது. தேங்காய் உடைகிறது. கூடியிருப்பவர்கள் கையில் ஆளுக்கு ஓர் இனிப்புப் பொட்டலம்!

வீட்டு வேலை, கடை வேலை, ஆபீசு வேலை, அரசாங்க வேலை எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான்.

நாள் பார்ப்பது அவரவர் விருப்பம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால், நாள் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

"இந்த வேலையில் நம் கையில் இல்லாதது எது? அது யார் கையில் இருக்கிறது?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கிய வேலை, பெரும்பாலும் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் நிற்கும். கால்வாசியில் நின்றால் நஷ்டம் சிறிது. முக்கால்வாசியில் நின்றால்? போட்ட பணத்தை எடுக்கவும் முடியாது. மேலே போகவும் முடியாது. ஆப்பு அசைத்த குரங்கின் கதைதான்!

இரும்புலியூர்க்காரர்களுக்கு இது புதிய சேதி அல்ல.

மூன்று வேலைகள்

இரும்புலியூர், தாம்பரம் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தெற்கே, திருச்சி செல்லும் பெரிய சாலையில் இருக்கிறது. 1964-ம் ஆண்டு தாம்பரம் நகராட்சி உண்டானபோது அதில் சேர்ந்தது. இப்போது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஊரின் பக்கத்தில் மின்சார ரெயில் ஓடுகிறது. சென்னைக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் புறவழிச்சாலையும் இங்கேதான் பெரிய சாலையோடு சேருகிறது.

இந்த ஊரில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் மூன்று பெரிய வேலைகளின் கதையை அறிவார்கள். ஒன்று, சொன்னபடி முடிந்தது. இன்னொன்று, அரை கிலோ மீட்டரில் நின்றது. மூன்றாவது, கட்டி முடித்தாகிவிட்டது. ஆனால் திறந்தபோது அங்கே போவதற்குத்தான் வழி சரியாக இல்லை.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு சின்னக் கடை வைக்கிறவருக்குக்கூட உபயோகமான சங்கதி கிடைக்கும்.

மூன்று ஆண்டில் முடிந்த வேலை

சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் விடுவது என்று தென்னிந்திய ரெயில்வே கம்பெனி முடிவு செய்தது. 1928-ம் ஆண்டு வேலை தொடங்கியது. 1931-ம் ஆண்டு மே மாதம் பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறிவிட்டார்கள். தூரம் சுமார் 29 கிலோ மீட்டர். அன்று ஓடியது மீட்டர் கேஜ் ரெயில்.

இந்தியாவிலேயே முதல் மின்சார ரெயில் பம்பாயில் ஓடியது 1925-ம் ஆண்டில்தான். ஆறே ஆண்டுகளில் தாம்பரத்துக்கும் வந்துவிட்டது.

"அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள். இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை ஓடாது" என்று தாத்தாக்கள் சொல்லுவார்கள். தாத்தா சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது. ஆனாலும் காரணம் அது அல்ல.

தாம்பரம் வழியாக ஏற்கனவே நீராவி ரெயில் ஓடிக்கொண்டு இருந்தது. பாதையின் பெரும்பகுதி கம்பெனி கையில் இருந்த இடம். ஸ்டேஷன்கள் இருந்தன. சிக்னல்காரர், கார்டு, டிரைவர் எல்லோரும் கம்பெனியின் ஆட்கள். அதாவது, இந்த வேலைக்கு வேண்டியதில் பெரும்பகுதி முதல் நாளே கம்பெனியின் கையில் இருந்தது. மின்சாரமும், புதிய வண்டிகளும்தான் வெளியே இருந்து வர வேண்டும். கவலைப்பட வேண்டிய பொருள்கள் இரண்டே இரண்டு என்றால், அவற்றைப் பற்றி நன்றாகக் கவலைப்படலாம்!

1967-ம் ஆண்டு மின்சார முறை மாறியது. பிறகு அகலப் பாதையும் வந்தது. 2004-ம் ஆண்டு ஜூலை முதல் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார ரெயில் ஓய்வு பெற்றது. 73 ஆண்டு உழைப்பு!

அரை கிலோ மீட்டர்

இரண்டாவது கதை, பறக்கும் ரெயில்.

கடற்கரையில் தொடங்கிய பறக்கும் ரெயில் பாதை, மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக 2007-ம் ஆண்டு வேளச்சேரி வரை வந்தது. அதை மேலும் 5 கிலோ மீட்டர் நீட்டி, பரங்கிமலையில் தாம்பரம் ரெயில் பாதையோடு சேர்த்துவிட வேண்டும் என்பது திட்டம்.

நல்ல திட்டம். இரும்புலியூரில் இருந்து வேளச்சேரிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! தாம்பரத்தில் ரெயில் ஏறி, பரங்கிமலையில் இறங்கி, வேறு ரெயில் மாறினால் வேளச்சேரி. பஸ்சில் நின்று கால் வலிக்க வேண்டாம். மழைக்காலத்தில் சாலை வெள்ளத்தில் தவிக்க வேண்டாம்.

2008-ம் ஆண்டு வேலை தொடங்கியது. அப்போது போட்ட மதிப்பு 495 கோடி ரூபாய். தூண்கள் எழுந்தன. தூண்கள்மேல் பாலம் அமர்ந்தது. சுமார் நாலரை கிலோ மீட்டருக்கு வேலை வளர்ந்தது.

மீதி அரை கிலோ மீட்டர். ஆதம்பாக்கம் பக்கம். அங்கே இடம் ஜனங்களுடையது. கொடுக்கும் விலை போதாது என்று இடத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஒரு கோர்ட்டில் இருந்து இன்னொரு கோர்ட்டுக்கு ஏறியது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துண்டு அப்படியே நின்றது. செலவு மதிப்பு 700 கோடி ரூபாயைத் தாண்டியது.

இங்கே யார்மேல் கோபப்படுவது?

இடத்துக்காரர்கள்மேல் கோபப்பட நியாயம் இல்லை. ஆயுள் முழுதும் சேர்த்து வைத்து ஒருவர் ஒரு மனை வாங்குகிறார். கடன் பட்டு வீடு கட்டுகிறார். "விட்டுக்கொடு" என்று கேட்டால், "சரியான விலை கொடு" என்று அவர் கேட்பது குற்றமா? ரெயில்வே என்ஜினீயர்களைக் குறை சொல்லவும் வழி இல்லை. எழுப்பிய தூண்கள் உறுதியாகவே நின்றன.

தவறு வரிசையில் இருக்கிறது. சுலபமான நாலரை கிலோ மீட்டரை முதலில் செய்தார்கள். கஷ்டமான அரை கிலோ மீட்டரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள்.

இப்படிச் செய்வதில் ஒரு மயக்கம் உண்டு. சுலபமான பகுதியை முதலில் செய்தால் வேலை மளமளவென்று நடப்பதுபோலத் தெரியும். பார்க்க வருகிற அதிகாரிக்குக் காட்டுவதற்குத் தூண் இருக்கும். படம் எடுக்கலாம். "90 சதவீதம் முடிந்தது" என்று சொல்லலாம். ஆனால், பரங்கிமலைக்குப் போக வேண்டிய பிரயாணிக்கு 90 சதவீத ரெயில் எதற்கு? அதில் ஏற முடியாதே!

இதற்கு ஒரு பதில் சொல்லுவார்கள். "இடம் முழுதும் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால், நாட்டில் ஒரு பாலம்கூடக் கட்ட முடியாது. தொடங்கி வைத்தால்தான் மற்றது நடக்கும்" என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எல்லாம் கூடிவரும் நாள் என்று ஒரு நாள் வருவதே இல்லை.

ஆனால், எல்லாவற்றுக்கும் காத்திருப்பது வேறு. கஷ்டமானதை முதலில் கையில் எடுப்பது வேறு. ஒரு தூணும் எழுப்புவதற்கு முன்னால் அந்த அரை கிலோ மீட்டர்க்காரர்களோடு பேசியிருந்தால், விலை கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்திருக்கலாம். பாதையை வேறு பக்கம் திருப்பவும் நேர்ந்திருக்கலாம். எதுவானாலும், அது வெறும் காகிதத்தில் இருக்கும்போதே தெரிந்திருக்கும். காகிதத்தில் கோடு மாற்ற ஒரு ரப்பர் போதும். கான்கிரீட்டில் கோடு மாற்ற முடியுமா?

கூரைக்கு முன் தூண்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் ஒரு நாடக மாளிகை இருக்கிறது. கடற்கரையில் சிப்பி சிப்பியாகக் கூரை வேய்ந்தது போன்ற அழகான கட்டிடம். காலண்டர் படங்களில் பலர் பார்த்திருப்பார்கள்.

1959-ம் ஆண்டு அதன் வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் கூரையை எப்படி நிறுத்துவது என்பது அப்போது முடிவாகவில்லை! கீழ்ப் பகுதியை முதலில் கட்டினார்கள். பிறகு கூரையின் கணக்கு வந்தது. கட்டிய தூண்கள் அந்தக் கூரையைத் தாங்காது என்று தெரிந்தது. தூண்களைத் திரும்பக் கட்டினார்கள். 1963-ல் முடிய வேண்டியது 1973-ல் முடிந்தது. 70 லட்சம் டாலர் என்று போட்ட கணக்கு 10 கோடி டாலரைத் தாண்டியது.

இன்று அதை உலகமே வியந்து பார்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவைத் தாங்க ஓர் அரசாங்கம் இருந்தது. இரும்புலியூரில் பட்டறை வைக்கிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

பஸ் நிலையம் வந்தது, வழி வரவில்லை

மூன்றாவது, கிளாம்பாக்கம் பஸ் நிலையம்.

கோயம்பேடு பஸ் நிலையம் 2002-ம் ஆண்டு திறந்தது. இருபது ஆண்டில் நெரிசல் தாங்கவில்லை. பண்டிகை நாள் வந்தால் பெருங்களத்தூர் வரை வண்டிகள் எறும்பு ஊர்வதுபோல ஊரும். ஆகவே, தெற்கே போகிற பஸ்களை வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்துக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. 88 ஏக்கருக்கு மேல் இடம். சுமார் 394 கோடி ரூபாய் செலவு. 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

கட்டிடத்தில் குறை சொல்ல முடியாது. உட்கார நாற்காலி, நடக்க இடம், நிழல் எல்லாம் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னால் உள்ள பெரிய சாலையில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று திறப்பதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். திறப்பு நாளைத் தள்ளிப்போட்டு, வடிகால் வேலை செய்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

தண்ணீர் போக வழி செய்தார்கள். ஜனங்கள் வர வழி?

பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே ரெயில் பாதை ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ஸ்டேஷன் இல்லை. ஒரு பக்கம் வண்டலூர். இன்னொரு பக்கம் ஊரப்பாக்கம். இந்த இரண்டில் ஒன்றில் இறங்கி, பஸ்சோ ஆட்டோவோ பிடித்து வர வேண்டியிருந்தது. கிளாம்பாக்கம் ரெயில் நிலைய வேலை 2024-ம் ஆண்டில்தான் தொடங்கியது.

இரும்புலியூர்க்காரருக்கு இதில் கஷ்டம் இல்லை. லாபம்தான். மதுரை பஸ் சில கிலோ மீட்டர் தூரத்தில் வந்து நிற்கிறது! ஆனால், திருவொற்றியூரில் இருக்கிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பா தோளில் ஒரு பை. அம்மா இடுப்பில் குழந்தை. பாட்டிக்கு முழங்கால் வலி. கோயம்பேட்டில் இருந்து கிளாம்பாக்கம் சுமார் 30 கிலோ மீட்டர். ஊருக்குப் போகும் பஸ்சைப் பிடிக்க, அந்தக் குடும்பம் முதலில் ஒரு சிறு யாத்திரை போக வேண்டியிருந்தது. ராத்திரி வந்து இறங்கினால் ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி.

2024-ம் ஆண்டு ஜனவரியில், ஆம்னி பஸ்களும் கிளாம்பாக்கத்துக்கே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆம்னி பஸ்காரர்கள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். கோயம்பேட்டில் உள்ள தங்கள் பணிமனையில் இருந்து பிரயாணிகளை ஏற்றிக்கொள்ளப் பிப்ரவரியில் இடைக்கால அனுமதி பெற்றார்கள். அதே மாதத்தில் ஒரு நாள் இரவு, பஸ் கிடைக்காத பிரயாணிகள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்.

இங்கேயும் அதே சங்கதிதான். கட்டிடம் கட்டுகிறவர் கையில் இருந்தது. கட்டினார். ரெயில் நிலையம் ரெயில்வே கையில் இருந்தது. ஆம்னி பஸ், அதன் முதலாளிகள் கையில் இருந்தது. கையில் இருந்தது முடிந்துவிட்டது. மற்றவர் கையில் இருந்தது முடியவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. புதியது சரியாக ஓடத் தொடங்குவதற்குள் பழையதை மூடிவிட்டால், நடுவில் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம். புதியதை எந்தத் தேதியில் திறப்பது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். பழையதை எந்தத் தேதியில் மூடுவது என்று யோசிப்பவர் குறைவு.

ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை

இதெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகும் காரியம். சாதாரண வேலைக்கும் இது பொருந்துமா? பொருந்தும்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு ஓர் ஆசை. இனிமேல் பில்லை எல்லாம் கம்ப்யூட்டரில் போட வேண்டும். நல்ல ஆசைதான். பெட்டி வாங்கினார். கம்பெனிக்காரர் வந்து பூட்டிக் கொடுத்தார். நல்ல நாள் என்று தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகத் தொடங்கினார்.

இருபது ஆண்டாகக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவருக்கு என்ன தெரியும், பழைய காலத்து மனுஷர்" என்று விட்டுவிட்டார்கள்.

தொடங்கிய அன்று மதியம் கணக்குப்பிள்ளை மெல்ல வந்து நின்றார்.

"முதலாளி, கடனுக்குத் துணி எடுக்கிறவங்க கணக்கை இதிலே எங்கே போடறது?"

கம்ப்யூட்டரில் ரொக்கத்துக்கு மட்டும்தான் வழி இருந்தது. மாதச் சம்பளக்காரர்கள் சம்பளத்தன்று கொடுப்பதாகச் சொல்லித் துணி எடுப்பது அந்தக் கடையின் உயிர் வியாபாரம். அதற்கு இடம் இல்லை! கடை நிறையக் கூட்டம். பழைய நோட்டைப் பரண்மேல் போட்டாயிற்று. அந்தத் தீபாவளிக்கு யார் எவ்வளவு பாக்கி என்பது பெருமாளுக்குத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அண்ணே, இதில் என்ன சிக்கல் வரும்?" என்று அரை மணி நேரம் கேட்டிருந்தால் போதும். ஒரு டீ செலவு! தினமும் அந்த வேலையைச் செய்கிறவருக்குத் தெரிந்தது, பெட்டி விற்க வந்தவருக்குத் தெரியாது. கிளாம்பாக்கம் விஷயத்தில்கூட, ஒரு பஸ் கண்டக்டரையும் கைக்குழந்தைக்காரி ஒருத்தியையும் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், "ரெயில் எங்கே நிற்கும்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டிருப்பார்கள்.

வட்டிக்கு விடுமுறை இல்லை

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. போவது எவ்வளவு, வருவது எவ்வளவு, பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்துத் தொடங்கச் சொல்கிறார் வள்ளுவர். இப்போது வள்ளுவர் சொன்னதோடு வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை நின்றால் ஆள் வீட்டுக்குப் போகலாம். மெஷின் தூங்கலாம். வட்டி தூங்காது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

இரும்புலியூரில் ஒருவர் மாவு மில் வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் விலை விசாரித்தாயிற்று. கடை பார்த்தாயிற்று. பாங்கியில் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மனைவியும் மூத்த மகனும் துணைக்கு இருப்பார்கள். மிளகாய் அரைப்பதற்கு ஒரு மெஷின், அரிசி மாவுக்கு ஒரு மெஷின்.

இவர் கையில் இல்லாதவை எவை? மாவு மில்லுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது மின்சார வாரியத்தின் கையில் இருக்கிறது. லைசென்சு மாநகராட்சியின் கையில் இருக்கிறது. கடைச் சொந்தக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மிளகாய் நெடியையும் மெஷின் சத்தத்தையும் பொறுத்துக்கொள்வது மேல்மாடிக்காரர் கையில் இருக்கிறது!

பலர் செய்வது என்ன? முதலில் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அது சுலபம். பணத்தை எண்ணிக் கொடுத்தால் போதும். மெஷின் வந்து இறங்குகிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. அதன் பிறகு மின்சார ஆபீசுக்குப் போனால், "இந்த டிரான்ஸ்பார்மரில் இதற்குமேல் இழுக்க முடியாது, வேறு போட வேண்டும், எழுதி அனுப்புகிறோம்" என்று பதில் வருகிறது. மெஷின் மூலையில் கோணிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. பாங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. இரண்டாவது மாதம் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

விவரம் தெரிந்தவர் தலைகீழாகப் போவார். முதலில் மின்சார ஆபீசு. அங்கே என்ன சொன்னார்களோ, அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்து மாநகராட்சி. அடுத்து கடைக்காரர். ஒரு நாள் சாயங்காலம் மேல்மாடி வீட்டுக்கும் போய், "அம்மா, காலையில் ஏழு மணிக்கு முன்னால் மெஷின் போட மாட்டோம், மிளகாய் பின்பக்கம்தான் அரைப்போம்" என்று சொல்லிவிட்டு வருவார். இதற்கு ஒரு மாதம் ஆகும். கால் தேயும். சொந்தக்காரர்கள், "என்னப்பா, மில் வைக்கப் போறேன்னு சொன்னே, ஒண்ணும் காணோமே?" என்று கேலி செய்வார்கள்.

மின்சார ஆபீசில் மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டால், அவர் மெஷின் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, "இப்போ வேண்டாங்க, தை மாசம் பார்க்கலாம்" என்று சொல்லலாம். அட்வான்ஸ் பணம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.